வீட்டுக்கும் கடனுக்கும் நடுவே ஒருவர்

1837ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெரிய நிதி நெருக்கடி ஒன்று வந்தது. வங்கிகள் வரிசையாகக் கதவை மூடின. பருத்தி விலை விழுந்தது. கடன் வாங்கி நிலம் வாங்கியிருந்தவர்கள் திணறினார்கள். தென்மாநிலங்களில் கடன் கொடுத்தவர் வசூலுக்குப் போனால் சில வீடுகள் ஆளில்லாமல் கிடக்கும். கதவில் சுண்ணக்கட்டியால் ‘ஜி.டி.டி.’ என்று மூன்று எழுத்து எழுதியிருக்கும். ‘கான் டு டெக்ஸஸ்’ என்பதன் சுருக்கம் அது. அதாவது, டெக்ஸஸ் போயாச்சு. அன்றைய டெக்ஸஸ் அமெரிக்காவோடு சேராத தனிக் குடியரசு. அங்கே போய்விட்டால் பழைய கடன் துரத்திக்கொண்டு வருவது கடினம்.

இப்படிக் கடனுக்குத் தப்பி வந்தவர்கள் கணிசமாக இருந்த நாடு, சட்டம் எழுத உட்கார்ந்தபோது தன் குடிமக்களின் பயத்தை அதில் எழுதி வைத்தது. 1839 ஜனவரியில் டெக்ஸஸ் குடியரசு இயற்றிய சட்டம் ஒன்று இன்றும் படிக்கச் சுவையானது. ஒரு குடும்பத்தின் 50 ஏக்கர் நிலம் அல்லது ஊருக்குள் ஒரு மனை, 500 டாலருக்கு மேற்படாத கட்டடம், 200 டாலர் வரையிலான தட்டுமுட்டுச் சாமான், உழவுக் கருவிகள், ஐந்து கறவை மாடுகள், ஒரு ஜோடி காளை அல்லது ஒரு குதிரை, இருபது பன்றிகள், ஒரு வருஷத்துக்கான சாப்பாட்டுப் பொருள். இவற்றைக் கடனுக்காக யாரும் ஜப்தி செய்ய முடியாது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. டெக்ஸஸ் மெக்சிகோவின் கீழ் இருந்தபோதே, 1829இல், குடியேறியவர்களைப் பழைய கடன்களிலிருந்து காப்பாற்ற ஓர் ஆணை வந்தது. அதற்குப் பின்னணியில் ஸ்பானியச் சட்ட மரபு இருந்தது. உழுகிற மாட்டையும் ஏரையும் கைக்கருவியையும் பிடுங்கிவிட்டால் கடனாளி எப்படிக் கடனை அடைப்பான் என்ற எளிய கணக்கு அது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. 1908ஆம் ஆண்டின் இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவிலும் இதே கணக்குதான். சமைக்கும் பாத்திரம், படுக்கை, உடுத்தும் துணி, கைவினைஞரின் கருவி, உழவரின் மாடு ஆகியவற்றைக் கடனுக்கு ஜப்தி செய்யக் கூடாது. சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையையும் தொடக் கூடாது. சட்டத்தில் தாலி என்ற சொல் இல்லை, ஆனால் யாருக்கும் அர்த்தம் புரியாமல் இருக்காது.

1845இல் அமெரிக்காவோடு இணைந்தபோது டெக்ஸஸ் இந்தப் பாதுகாப்பைத் தன் அரசியலமைப்புக்குள்ளேயே கொண்டுவந்தது. கூடவே இன்னொன்றும் சேர்ந்தது. மணமானவன் மனைவியின் சம்மதமில்லாமல் குடியிருக்கும் வீட்டை விற்க முடியாது. 1876இல் எழுதிய அரசியலமைப்பு, இன்றும் நடப்பில் இருப்பது, இன்னும் ஒரு படி மேலே போனது. குடியிருக்கும் வீட்டின்மேல் எழுதப்படும் அடமானம் எதுவுமே செல்லாது என்றது. விதிவிலக்குகள் மூன்றுதான். வீட்டை வாங்குவதற்கான கடன், வீட்டின்மேல் விழுந்த வரி, வீட்டைக் கட்ட அல்லது மேம்படுத்த ஆன செலவு. நீங்களே விரும்பி உங்கள் வீட்டை வைத்துக் கடன் கேட்டாலும் கொடுப்பவருக்கு அந்தப் பத்திரம் வெறும் காகிதம். இந்தப் பூட்டு 1997 முடியும்வரை திறக்கவே இல்லை.

நான் டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடியிருப்பவன். இந்த வரலாற்றுக்குள் நான் நுழைந்தது புத்தக ஆர்வத்தால் இல்லை. 2019இல் மகனின் கல்லூரிக்காக வீட்டை வைத்துக் கடன் வாங்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு ஆளைத் தேட வேண்டியிருந்தது. தேடியபோதுதான், இந்த வரலாறு உண்மையில் வீட்டையோ பணத்தையோ பற்றியது மட்டும் அல்ல, இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் அந்த ஆளைப் பற்றியதும்கூட என்று தெரிந்தது.

*

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் இன்றைய சந்தை விலையிலிருந்து, வாங்கியபோது எடுத்த கடனில் இன்னும் பாக்கி இருப்பதைக் கழித்தால் மிஞ்சுவது நம் பங்கு. அதற்குத்தான் இங்கே ‘ஈக்விட்டி’ என்று பெயர். அந்தப் பங்கை ஈடாக வைத்து வாங்குவது ‘ஹோம் ஈக்விட்டி லோன்’. மொத்தமாக ஒரே தடவையில் வாங்கலாம். ‘ஹீலாக்’ என்ற வகையில் ஒரு வரம்பு வைத்துக்கொண்டு வேண்டும்போது எடுக்கலாம். பழைய கடனையே அடைத்துப் பெரிதாக ஒரு புதுக் கடன் எழுதி, மீதியைக் கையில் வாங்கிக்கொள்வது மூன்றாம் வழி. மூன்றிலும் பணயம் ஒன்றுதான். கட்ட முடியாமல் போனால் வீடு போகும்.

டெக்ஸஸ் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில் மற்ற மாநிலங்களில் என்ன நடந்தது?

1934இல் பெருமந்தத்தின் நடுவில் தேசிய வீட்டுவசதிச் சட்டம் வந்தது. அதன் முதல் பகுதி வீட்டைப் பழுதுபார்க்கும் கடன்களுக்கு அரசுக் காப்பீடு கொடுத்தது. தச்சருக்கும் கொத்தனாருக்கும் வேலை கிடைக்கட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் நஷ்டம் பெரும்பாலும் அரசுக்கு என்றானதும் கடன் கொடுத்தவர்கள் யார் வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று உற்றுப்பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். அந்த இடைவெளிக்குள் ஒரு புது ஆள் வந்து உட்கார்ந்தார். கூரை மாற்றுகிறேன், சுவருக்கு அலுமினியத் தகடு போடுகிறேன் என்று கதவைத் தட்டி வந்தவர். வேலையும் அவரே, கடன் பத்திரமும் அவரிடமே. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டதும் பத்திரத்தை வங்கிக்கு விற்றுவிட்டுப் போய்விடுவார். வேலை பாதியில் நிற்கும், கடன் முழுசாக நிற்கும். 1954இல் அமெரிக்க செனட் நடத்திய விசாரணையில் இவர்களின் வண்டவாளம் வெளியே வந்தது. தொழிலுக்குள் இவர்களுக்கு ‘டைனமைட்டர்கள்’ என்று பட்டப்பெயர். பாரி லெவின்சனின் ‘டின் மென்’ (1987) படத்தில் வருகிற அலுமினியத் தகடு விற்பனையாளர்கள் இந்த வம்சம்தான்.

வீட்டுக் கடனின் முதல் ‘நிபுணர்’ என்று இவரைத்தான் சொல்லத் தோன்றுகிறது. பேச்சு சாமர்த்தியம், காகித அறிவு, அவசரம். வீட்டுக்காரரிடம் இல்லாத மூன்றும் இவரிடம் இருந்தன.

1968இல் வந்த கடன் வெளிப்படைச் சட்டம் இந்த அவசரத்தைத்தான் குறிவைத்தது. வட்டியை எல்லோரும் ஒரே முறையில் வருடக் கணக்காகச் சொல்ல வேண்டும் என்றது. குடியிருக்கும் வீட்டின்மேல் பிற்பாடு வாங்கும் கடனில் கையெழுத்துப் போட்டபிறகு மூன்று வேலைநாட்களுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம் என்றது. கதவைத் தட்டி வந்த ஆள் போனபிறகு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து யோசிக்க மூன்று நாள்.

அடுத்த மாற்றம் பெயரில் வந்தது. அதுவரை இதற்கு ‘செகண்ட் மார்ட்கேஜ்’, இரண்டாம் அடமானம் என்று பெயர். அந்தச் சொல்லில் ஒரு கையறு நிலையின் வாடை இருந்தது. 1980களில் விளம்பரங்கள் ‘ஈக்விட்டி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டன. இரண்டாம் அடமானம் வைப்பவர் நொடித்துப்போனவர். ஈக்விட்டியை எடுப்பவர் சொத்துள்ளவர். பத்திரம் ஒன்றுதான். 1986இன் வரிச் சீர்திருத்தம் இந்த நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. கிரெடிட் கார்டு வட்டிக்கும் கார் கடன் வட்டிக்கும் இருந்த வரிச்சலுகையைப் படிப்படியாக எடுத்துவிட்டு, வீட்டை வைத்து வாங்கும் கடனின் வட்டிக்கு மட்டும் விட்டுவைத்தது. கார் வாங்கவும் வீட்டை வை என்று அரசே சொன்ன மாதிரி ஆயிற்று. 2018க்குப் பிறகு அந்தச் சலுகை, வீட்டை வாங்க, கட்ட, மேம்படுத்தச் செலவிட்டால் மட்டும்தான். மகன் படிப்புக்கு வாங்கிய எங்களுக்கு அது இல்லை.

*

டெக்ஸஸ் கதவைத் திறந்த விதத்தை வைத்தே ஒரு நாவல் எழுதலாம். 1994இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, மத்திய அரசின் விதி இருக்கும்போது டெக்ஸஸின் தடை வங்கிகளைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்புச் சொன்னது. நூற்றாண்டுப் பூட்டு ஒரே தீர்ப்பில் தெறித்தது. ஆனால் அதே வருஷம் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு வங்கிச் சட்டத்தில் டெக்ஸஸின் தடையைக் காப்பாற்றும் வரிகளைச் சேர்த்து அந்தத் தீர்ப்பைச் செல்லாமல் ஆக்கியது. வெளியிலிருந்து யாரும் உடைக்கக் கூடாது, திறப்பதானால் நாங்களே திறப்போம் என்கிற மாதிரி, 1997 நவம்பரில் டெக்ஸஸ் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பைத் திருத்தினார்கள். 1998 ஜனவரி 1 முதல் வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம். அமெரிக்காவில் இதை அனுமதித்த கடைசி மாநிலம் இதுதான்.

திறந்த கதவில் எத்தனை சங்கிலிகள் மாட்டினார்கள் என்பதுதான் விஷயம். வேறெங்கும் வங்கி விதியில் இருக்கக்கூடிய சின்னச் சின்னச் சமாச்சாரங்கள் இங்கே அரசியலமைப்பின் 16ஆம் பகுதி, 50ஆம் பிரிவில் உட்கார்ந்திருக்கின்றன. வீட்டின்மேல் இருக்கும் எல்லாக் கடனும் சேர்ந்து வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு சமயத்தில் இப்படி ஒரு கடன்தான், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு வருஷம். விண்ணப்பம் கொடுத்து, எச்சரிக்கை அறிவிப்பைக் கையில் வாங்கி, 12 நாள் கழியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. கையெழுத்தைக் கடன் கொடுப்பவரின் அலுவலகம், வழக்கறிஞர் அலுவலகம், பத்திர உரிமை நிறுவனத்தின் அலுவலகம் ஆகிய மூன்று இடங்களில்தான் போடலாம். வீட்டில் வைத்துக் கூடாது. பத்திரத்தின் முக்கிய நிபந்தனைகளில் பிற்பாடு நிரப்பும்படி வெற்றுக் கோடு விடக் கூடாது. கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும், பத்திரம் ஒருவர் பெயரில் இருந்தாலும். மோசடி செய்து வாங்கியிருந்தாலொழிய, வீட்டை விற்ற பிறகும் பாக்கி நின்றால் ஆளின் மற்றச் சொத்தைத் துரத்த முடியாது. நீதிமன்ற ஆணை இல்லாமல் வீட்டை ஏலம் விட முடியாது. விதியை மீறிய கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர் தெரிவித்த 60 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் வட்டி மட்டுமல்ல, முதலும் போகும்.

இந்த வரிகளைப் படித்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆள் தெரிகிறார். வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கியவர், வெற்றுக் கோட்டைப் பிற்பாடு நிரப்பியவர், மனைவிக்குத் தெரியாமல் முடித்தவர், இன்னிக்கே போட்டாதான் இந்த வட்டி என்றவர். இந்த நடுவாளின் நாற்பது வருஷத்துத் தந்திரங்கள் அத்தனைக்கும் எதிராக ஒவ்வொரு சங்கிலி.

பலன் இருந்ததா? 2000களில் வீட்டு விலை ஏற ஏற, நாடு முழுக்க வீட்டை உருவிச் செலவு செய்தார்கள். தரகருக்கு, வாடிக்கையாளர் தலையில் கூடுதல் வட்டியைக் கட்டினால் கூடுதல் கமிஷன். 2008இல் எல்லாம் சரிந்தபோது டெக்ஸஸும் அடிபட்டது. ஆனால் கலிபோர்னியா, புளோரிடா, நெவாடா, அரிசோனா அளவுக்கு இல்லை. இங்கே காலிநிலம் நிறைய, விலை அந்த அளவு ஏறவில்லை என்பது ஒரு காரணம். அந்த 80 சதவீத வரம்பும் ஒரு காரணம் என்று பொருளாதார ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

டெக்ஸஸில் வீட்டு ஏலம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும். 2009இல் ஒரு செவ்வாய்க்கிழமை வேறு வேலையாகப் போனபோது நின்று பார்த்தேன். கையில் காகிதக் கட்டோடு ஒருவர் எந்த உணர்ச்சியும் இல்லாமல் முகவரிகளை வாசித்துக்கொண்டே போனார். சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேரில் வீட்டுக்காரர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. முகவரிகள் மட்டும் இருந்தன.

நடுவாளுக்கு எண் கொடுத்ததும் அந்தச் சரிவுதான். 2008இல் வந்த மத்தியச் சட்டப்படி வீட்டுக் கடன் எழுதித்தரும் ஒவ்வொருவருக்கும் தேசியப் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. வங்கி சாராதவர் என்றால் 20 மணிநேரப் படிப்பு, தேர்வு, குற்றப்பின்னணிச் சோதனை எல்லாம் முடித்து உரிமம் வாங்க வேண்டும். வங்கி ஊழியருக்குப் பதிவு மட்டும் போதும், தேர்வு கிடையாது. 2010இன் நிதிச் சீர்திருத்தச் சட்டமும் அதையொட்டிய விதிகளும், வட்டியை ஏற்றினால் கூடுதல் கமிஷன் என்ற பழக்கத்தைத் தடை செய்தன. கடன் தொகையில் இத்தனை சதவீதம் என்று கொடுப்பதற்குத் தடை இல்லை. அதாவது, பெரிய கடனாக வாங்க வைத்தால் அவருக்கு இன்றும் லாபம்தான்.

*

எங்கள் கணக்கு இது. வீட்டு மதிப்பு 3,80,000 டாலர். 80 சதவீதம் 3,04,000. பழைய கடன் பாக்கி 2,14,000. ஆக, அதிகபட்சம் 90,000 வாங்கலாம். எங்களுக்குத் தேவை 50,000.

முதலில் பார்த்தவர் தமிழர். நண்பர் ஒருவர் கைகாட்டியவர். போனில் பேசத் தொடங்கிய இரண்டாம் நிமிஷமே “அண்ணே” என்றார். ஊர், பள்ளி, யார் யாரைத் தெரியும் என்று பேச்சு இனிமையாகப் போனது. “ஐம்பது எதுக்குண்ணே? தொண்ணூறையும் எடுத்துருங்க. சும்மாத்தானே கிடக்கு உங்க பணம்.” என் பணம் என்று அவர் சொன்னது என் கடனை. பிறகு, “பன்னிரண்டு நாள் எல்லாம் வேண்டாம், தேதியை முன்னாடி போட்டுக்கலாம். வீட்டுக்கே வந்து கையெழுத்து வாங்கிக்கிறேன்” என்றார். இரண்டுமே இந்த மாநிலத்தில் கூடாது என்று அப்போது படித்திருந்தேன். உங்களுக்குச் சம்பளமா, தொகையில் சதவீதமா என்று கேட்டேன். “நம்மளுக்குள்ள என்னண்ணே” என்றார்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன். டெக்ஸஸ் அரசியலமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது. கடன் பேச்சுவார்த்தை பெரும்பாலும் ஆங்கிலம் அல்லாத மொழியில் நடந்திருந்தால், கையெழுத்துக்கு முன்னால், அந்த எச்சரிக்கை அறிவிப்பைப் பேசிய மொழியிலேயே மொழிபெயர்த்துக் கூடுதலாக ஒரு பிரதி கொடுக்க வேண்டும். எழுதியவர்கள் மனதில் இருந்தது ஸ்பானிய மொழியாக இருக்கலாம். ஆனால் வரியில் எந்த மொழியின் பெயரும் இல்லை. நாம் தமிழில்தானே பேசுகிறோம், தமிழில் ஒரு பிரதி கிடைக்குமா என்றேன். சிரித்தார். “தமிழ்ல யாருண்ணே படிப்பாங்க?”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. “நான் படிப்பேன்” என்றாள் என் மனைவி, அடுப்படியிலிருந்து. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டாவது, பெரிய வங்கி ஒன்றின் தொலைபேசி மையம். பேசியவர் மரியாதையானவர், ஆனால் வேறு மாநிலத்தில் இருந்தார். எழுதி வைத்ததை வாசித்தார். 85 சதவீதம் வரை கொடுப்போம் என்றார். டெக்ஸஸ் என்றதும் கொஞ்சம் இருங்கள் என்று இசையைப் போட்டுவிட்டுப் போனார். இருபது நிமிஷம் கழித்து வந்து, இன்னொரு பிரிவுக்கு மாற்றுகிறேன் என்றார்.

மூன்றாவது, நான் வேலை பார்க்கும் இடத்துக்காரர்கள் பலர் கணக்கு வைத்திருக்கும் கடன் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் இருந்த அம்மாள். அறுபது வயது இருக்கும், டெக்ஸஸிலேயே பிறந்து வளர்ந்தவர். 1998க்கு முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருக்கிறாராம். எவ்வளவு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இந்த வீட்டில் இன்னும் எத்தனை வருஷம் இருப்பீர்கள், வேலை போனால் எத்தனை மாதம் தாங்குவீர்கள், வாங்கும் பணம் என்னவாகப் போகிறது என்று கேட்டார். கல்லூரி என்றதும் மாணவர் கடனின் வட்டியை எழுதிப் பக்கத்தில் வைத்து, “இதையும் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கு வீடு பணயம் இல்லை” என்றார். தன் கடனை விற்க வந்தவர், வேறு கடனையும் பார்க்கச் சொன்னார். கேட்டதும் தனக்கு மாதச் சம்பளம் என்று சொல்லிவிட்டார். பதிவு எண் மேசையில் அட்டையாகவே இருந்தது.

பார்த்தோம். மாணவர் கடனில் முதல் இரண்டு வருஷத்தை முடிப்பது, மீதி இரண்டு வருஷத்துக்கு வீட்டுக் கடன் என்று பிரித்தோம். 50,000 என்பது 30,000 ஆனது. அந்த அம்மாளின் முகத்தில் மாற்றம் இல்லை. கட்டணம் இரண்டு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 2018 முதல் விதி. அதற்கு முன்னால் மூன்று. எங்களுக்கு 600 டாலர்தான் வரம்பு. மதிப்பீட்டுச் செலவு, நில அளவை, உரிமைக் காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவை அந்த வரம்புக்கு வெளியே என்பதையும் அவரே வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். கேட்காமல் இருந்தால் அங்கேதான் பணம் ஒழுகும்.

அவரிடம் நான் பேசியது ஆங்கிலத்தில். எனவே தமிழ்ப் பிரதி கொடுக்கச் சட்டப்படி அவருக்குக் கடமை இல்லை. ஆனால் “நான் படிப்பேன்” என்று சொன்னவள் சொன்னதுதான். அவளும் கையெழுத்திட வேண்டியவள். 12 நாள் இருந்தது. நானே மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.

*

நான் மென்பொருள் எழுதுகிறவன், மொழிபெயர்ப்பாளன் இல்லை. இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டேன். ‘லீன்’ என்ற சொல்லுக்கு என்ன போடுவது? பிடிமானம் என்று எழுதினேன். மனைவி பார்த்துவிட்டு, “வில்லங்கம்னு போடுங்க. பத்திர ஆபீஸ்ல அதுதானே சொல்லுவாங்க” என்றாள். சரிதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் எடுப்பது வில்லங்கச் சான்றுதானே. பேச்சில் தகராறு என்று பொருள்படும் சொல், பத்திரத்தில் சொத்தின்மேல் மற்றவருக்கு இருக்கும் பிடி.

அதன்பின் அவள்தான் சொற்களைச் சொன்னாள். மாயவரம் பக்கத்தில் அவளுடைய தாத்தா வீடு ஒத்தியில் போனது. வட்டி கிடையாது, வாடகையும் கிடையாது. பணம் கொடுத்தவர் வீட்டில் குடியிருப்பார், பணத்தைத் திருப்பித் தந்தால் வீட்டைத் திருப்பித் தருவார். போக்கியம் என்றும் சொல்வார்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இதை அடமானத்தின் வகைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அடமானம் வைத்தவர் கடனை அடைத்துச் சொத்தை மீட்கும் உரிமையையும் அதே சட்டம் சொல்கிறது. தாத்தா அந்த வீட்டைக் கடைசிவரை ‘மீட்க’ப் போவதாகவே பேசிக்கொண்டிருந்தாராம். பள்ளிக்கூடம் போகும் வழியில் அந்தத் திண்ணையைத் தாண்டித்தான் போவாள். யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

“தாத்தா பத்திரத்தை எழுதினவர் யாரு?” என்று கேட்டேன்.

“ஊர்ல ஒரு பத்திர எழுத்தர் இருந்தார். ரெண்டு பக்கத்துக்கும் அவர்தான். பாட்டிக்கு விஷயமே எழுதினப்புறம்தான் தெரியும்.”

இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள், பாட்டிக்குத் தெரியாமல். 1845இல் டெக்ஸஸ் எழுதி வைத்த வரிக்கு இதைவிட நல்ல விளக்கவுரை எனக்குத் தெரியாது.

அறிவிப்பை முடிக்க நாலு ராத்திரி ஆனது. வரம்பு, வில்லங்கம், ஈடு, மீட்பு, ஏலம், ரத்து. எல்லாவற்றுக்கும் தமிழில் சொல் ஏற்கெனவே இருந்தது. எதையும் புதிதாக உருவாக்க வேண்டியிருக்கவில்லை. கடனைப் பற்றி நம் மொழிக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. மனைவி இரண்டு தடவை படித்தாள். மாறும் வட்டியா, நிலையான வட்டியா என்று அறிவிப்பில் இல்லாத ஒரு கேள்வியை எழுப்பினாள். நிலையானதுதான் என்று எழுதி வாங்கினோம். ஒரு புதன்கிழமை பத்திர உரிமை நிறுவனத்தின் அலுவலகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். வெற்றுக் கோடு இருக்கிறதா என்று அவள் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்ததை அந்த அம்மாள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வியாழன், வெள்ளி, சனி கழிந்தது. திங்கட்கிழமை பணம் வந்தது.

வீட்டை வைத்துக் கடன் வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்டால் எனக்கு ஒரு பதில்தான். வாங்குவதும் வாங்காததும் உங்கள் கணக்கு. ஆனால் ஆளைப் பாருங்கள். பதிவு எண்ணைப் பதிவேட்டில் தேடுங்கள். எதிலிருந்து உங்களுக்குச் சம்பளம் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். இதைவிடக் குறைவாக வாங்கினால் போதாதா என்று கேட்டு, அவர் முகத்தைப் பாருங்கள். காத்திருக்கும் நாட்களைக் குறைத்துத் தருகிறேன் என்கிறவரிடம் போக வேண்டாம். அந்த நாட்கள் அவர் தருவதல்ல, நம் முன்னால் வீடிழந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது.

அந்தத் தமிழ் அறிவிப்பு மூன்று பக்கம். அதன் தலையில், இது என் சொந்த மொழிபெயர்ப்பு, சட்டப்படி செல்லுபடியாவது ஆங்கிலப் பிரதிதான் என்று எழுதியிருக்கிறேன். இதுவரை ஆறு குடும்பங்கள் வாங்கிப் போயிருக்கிறார்கள். வாங்க வந்தவர்களில் நான்கு பேர் பெண்கள்.